தோலா, பித்தளையா?

தபால் தந்தி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஓய்வுபெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. ஆரம்பிக்கத் தெரியுமே தவிர நிறுத்தத் தெரியாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

உங்களில் பல பேர் வேலை பார்த்துக்கொண்டே இலாகா பரீட்சைக்கும் படிக்கிறீர்கள். அது போதாதென்று ஒருத்தி வீணை கற்றுக்கொள்கிறாளாம், ஒருவர் நாடகத்தில் வேஷம் கட்டுகிறாராம், இன்னொருவர் பொழுது கிடைத்தால் படம் வரைகிறாராம். வீட்டில் திட்டு விழுகிறது என்றும் கேள்விப்பட்டேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். சொன்ன மனிதர் என் வேலைக்குத் தோதாக மாற்றிச் சொன்னார். "ராமையா, ஒண்ணு தோலு, இல்லாட்டி பித்தளை. எது வேணும்னு முடிவு பண்ணிட்டு நாளைக்கு வாங்க."

அவர் எங்கள் பயிற்சி மாஸ்டர். பித்தளை என்றது தந்தி அடிக்கும் சாவியை. தோல் என்றது கஞ்சிராவை, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சின்ன வாத்தியத்தை. அந்த முடிவை எடுக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே வயசாளிகள் அப்போதும் திருச்சிக்குப் போவதை "பிரிட்டிஷ் சீமைக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். நான் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். தபாலாபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தந்திப் பயிற்சிக்குப் பொறுக்கப்பட்டேன். பயிற்சி முடிந்ததும் திருச்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்து டெஸ்ட் வைப்பார். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் இருக்கிற தற்காலிகமும் போய்விடும். எங்கள் அப்பா பஸ் ஏற்றிவிடும்போது நிதானமாகச் சொன்னார். "பாசானா சர்க்கார் சம்பளம். பெயிலானா வந்துரு. மாடு ரெண்டும் ஒன் பேரைச் சொல்லித்தான் கத்துது."

படிப்பு லேசானதில்லை. காலையில் தந்தி அனுப்பப் பழக வேண்டும். மத்தியானம் காதால் கேட்டு எழுதப் பழக வேண்டும். சாயங்காலம் தலையணை கனத்துக்கு ஒரு ரூல் புஸ்தகம். எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளியும் கோடுமாக ஒரு வடிவம். புள்ளி என்றால் சாவியில் ஒரு சின்னத் தட்டு, கோடு என்றால் கொஞ்சம் நீண்ட அழுத்து. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இவ்வளவு என்று அளவு உண்டு. அந்தப் பக்கம் இருக்கிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். உங்கள் கை ஒன்றுதான் அவருக்குத் தெரியும். எனக்கு முதல் இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. கெட்டிக்காரன் என்று மாஸ்டர் வாயாலேயே கேட்டேன்.

நான் வாடகைக்கு இருந்த அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. கடைக்காரர் பெயர் சண்முகம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் புதுக்கோட்டையில் தாளம் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர், அதில் இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது அவருடைய அபிப்பிராயம். ட்யூபுக்குப் பசை தடவி ஒட்டுப் போட்டுவிட்டு, அது காய்கிற நேரத்தில் ஆணியில் தொங்கும் கஞ்சிராவை எடுத்துத் தட்டுவார். பசை காய்ந்து வெகு நேரம் ஆன பிறகும் தட்டிக்கொண்டிருப்பார். சைக்கிளைக் கொடுத்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போவான்.

ஒரு நாள் சாயங்காலம் ரூல் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். கீழே அவர் வாசித்தார். அதுவரை எனக்கு அது சத்தம். அன்றைக்கு என்னவோ அது பேச்சாகக் காதில் விழுந்தது. கேள்வி கேட்டது, பதில் சொன்னது, பாதியில் நிறுத்திச் சிரித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வயசுவரை இப்படி ஒன்று இருப்பதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்ற கோபம். எங்கள் ஊரில் கொட்டு என்றால் ஒன்று கோவில் திருவிழா, இல்லையென்றால் சாவு. புஸ்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

"என்ன போஸ்டாபீஸ், தொந்தரவா இருக்கா?" என்றார். என்னை அவர் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

"இல்லைங்க. எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், மாட்டுக்குப் பல் பார்க்கிற தோரணையில். "விரல் நீளமாத்தான் இருக்கு. வாங்க பார்ப்போம். ஆனா நான் திட்டுவேன்."

திட்டினார். நானும் கற்றுக்கொண்டேன். பகலெல்லாம் பித்தளை, பொழுது சாய்ந்தால் தோல். சாப்பிடும்போது இலை ஓரத்தில் தட்டுவேன், நடக்கும்போது தொடையில் தட்டுவேன். சனிக்கிழமைகளில் தெற்கு ராஜவீதிப் பக்கம் ஒரு பஜனைக் கூட்டம் நடக்கும். அதில் சண்முகம் வாசிப்பார், நான் பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு நடுநடுவே என் கையிலும் கொடுக்க ஆரம்பித்தார். அந்த மாதங்களில் நான் இருந்த சந்தோஷத்தில் பிறகு கல்யாணத்தின்போதுகூட இருந்ததில்லை. இதை என் வீட்டில் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கஞ்சிராவில் அழகு எங்கே இருக்கிறது? விழ வேண்டிய இடத்தில் விழாமல் ஒரு மயிரிழை தள்ளி விழுகிற அடியில் இருக்கிறது. கேட்கிறவன் இங்கே என்று நினைப்பான், நாம் அங்கே வைப்போம். அவன் "அட" என்பான். இந்தப் பழக்கம் என் மணிக்கட்டில் ஏறி, எனக்கே தெரியாமல் தந்திச் சாவிக்கு வந்து சேர்ந்தது. எழுத்துகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி தன் இஷ்டத்துக்கு நீண்டது, சுருங்கியது. ஒரு வார்த்தையின் வால் அடுத்த வார்த்தைக்குத் தலையாயிற்று. எனக்கு அதெல்லாம் மிக அழகாகக் கேட்டது. அறந்தாங்கி ஆபீசில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டிருந்த மனிதருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

பயிற்சிச் செய்திதான், நல்ல வேளை. திரும்ப அனுப்பு, திரும்ப அனுப்பு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாஸ்டருக்குத் தனியாக ஒரு வரி வந்தது. மாஸ்டர் அதைப் படித்துவிட்டு வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "அறந்தாங்கிக்காரர் கேக்குறார், அங்க நடக்குறது தந்தியா, தனி ஆவர்த்தனமான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். என் அறைக்குக் கீழே நடப்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வகுப்பு கலைந்த பிறகு நிறுத்திவைத்து அந்தத் தோல், பித்தளை வார்த்தையைச் சொன்னார். டெஸ்டுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது.

நான் புத்திசாலித்தனமாக முடிவெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். சண்முகத்திடம் போய், இனிமேல் வரமாட்டேன் என்றேன். அவர் "சரி" என்றார். ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

தோலை விட்டால் பித்தளை சரியாகிவிடும் அல்லவா? ஆகவில்லை. ஒவ்வொரு தட்டையும் பயந்து பயந்து அளந்தேன். அளவு சரியாக இருந்தது, ஆனால் வேகம் செத்துப்போயிற்று. மணிக்கட்டு கட்டையாயிற்று, சாயங்காலம் தோள்வரை வலித்தது. மாலையில் மிச்சமான நேரத்தில் படித்தேனா என்றால் அதுவும் இல்லை. கீழே கேட்கும் சத்தத்தைக் கேட்காமல் இருப்பதிலேயே முழுக் கவனமும் போயிற்று. ஒன்றை விட்டுவிட்டால் இன்னொன்று தானாக வந்துவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், ஒரு வாரம் விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

தாங்காமல் ஒரு சனிக்கிழமை பஜனைக்குப் போனேன். வாசிக்க இல்லை, சும்மா உட்கார. பஜனையில் முன்னால் பாடுகிறவர் ஒரு ஜவுளிக்கடைச் செட்டியார். பக்தி ஏராளம், தாளம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. அன்றைக்கு உருகிப்போய் ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்தவர், திரும்பி வரும்போது அரை அடி தாமதமாக வந்து சேர்ந்தார். மிருதங்கக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் கணக்கிலேயே நின்றார். சண்முகம் ஒரு கண்ணசைவில் மாறிச் செட்டியாரோடு போய்ச் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் மிருதங்கமும் வேறு வழியில்லாமல் வந்தது. செட்டியாருக்கு எதுவுமே தெரியாது. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

கலைந்து வரும்போது கேட்டேன். "தாளம் விட்டது அவருதானேங்க. நீங்க ஏன் மாறுனீங்க?"

"அவரு பாடுறாரு, போஸ்டாபீஸ். நாம அவரு கூடப் போக வந்த ஆளு. நான் கணக்கைப் பிடிச்சுக்கிட்டு அங்கிட்டே நின்னேன்னா, அவரு இங்கிட்டு ஒத்தையில போயிருவாரு. கணக்கு சரியா இருந்து யாருக்கு என்ன?"

எனக்கு உடனே அறந்தாங்கிக்காரர் ஞாபகம் வந்தது. அந்த மனிதரை நான் ஒத்தையில் விட்டுவிட்டேன். கஞ்சிரா என் கையைக் கெடுக்கவில்லை. சாவியை எனக்காகவே வாசித்துக்கொண்டிருந்ததுதான் கெடுதல். பிறகு பயந்து அடித்தபோதும் எனக்காகவேதான் பயந்தேன். திங்கட்கிழமை சாவி முன் உட்கார்ந்ததும், அந்தப் பக்கம் ஒரு மனிதர் பென்சிலோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி போட்டவர், எழுத்து கொஞ்சம் மெதுவாக வரும், எதிரே டீ ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வார்த்தையைக் கொடுத்தேன். வலி போயிற்று. வேகமும் மெல்லத் திரும்பியது.

மாஸ்டரிடம் ஒளிக்கவில்லை. சனிக்கிழமை மட்டும் பஜனைக்குப் போய்க்கொள்கிறேன் என்று நேரில் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "போங்க. டெஸ்ட்ல போச்சுன்னா சனிக்கிழமை மட்டுமில்ல, ஏழு நாளும் ஒங்களுக்குப் பஜனைதான்."

கார்த்திகை பிறந்தது. டெஸ்டுக்கு முதல் நாள் புயல் வந்தது.

முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. காலையில் நாங்கள் போனபோது ஆபீசுக்குள் தண்ணீர். கடற்கரைப் பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கோட்டைப்பட்டினம் பேசவில்லை. அதற்கு வடக்கே, கரையோரத்தில் ஒரு சின்ன ஆபீஸ் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. வழக்கமாகத் தந்தி பார்ப்பவர் காய்ச்சலோடு இரண்டு நாள் விழித்திருந்து, மெயில் பைகள்மேல் சாய்ந்துவிட்டார். மாஸ்டரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கவுண்டருக்கு வெளியே காதர் பாய் நின்றிருந்தார். கோட்டைப்பட்டினத்துக்காரர், படகுச் சொந்தக்காரர். பாய்த்துணியும் கயிறும் வாங்கப் புதுக்கோட்டை வந்தவர், ரோடு அறுந்து பஸ் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டார். அவருடைய படகுகள் ஐந்து கடலில் இருந்தன. அதில் ஒன்றில் அவருடைய கூடப் பிறந்த தம்பி. எதில் என்று இவருக்குத் தெரியாது, கரையில் நின்று ஏற்றிவிட்டிருந்தால்தானே தெரியும். நனைந்த கைலியோடு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டினத்துல இருந்து ஏதாச்சும் சேதி உண்டுமா தம்பி?"

பத்து மணி வாக்கில் அந்தச் சின்ன ஆபீஸ் கூப்பிட்டது. மாஸ்டர் பென்சிலை எடுத்தார். கம்பி முழுக்க ஈரம். செய்தி தட்டும் கருவிக்குப் பின்னால், சத்தம் எடுப்பாகக் கேட்கட்டும் என்று காலி சிகரெட் டின் செருகி வைத்திருப்போம். அன்றைக்கு அதுவும் உதவவில்லை. அந்தப் பக்கம் அடித்தவர் எத்தனை நேரமாக அடித்துக்கொண்டிருந்தாரோ, குளிரிலோ பயத்திலோ கை நடுங்கியது. புள்ளி கோடாகிறது, கோடு பாதியில் நிற்கிறது, நடுவில் நீண்ட இடைவெளி, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது. மாஸ்டர் இரண்டு எழுத்து எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். அவர் காது ஒழுங்கான கைகளுக்குப் பழகிய காது.

நான் பின்னால் நின்றிருந்தேன். என் உதடு அசைந்துகொண்டிருந்ததாம். நான் அறியேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களுக்குப் பிடிபடுதா?"

"ஆமா சார். அவரு இழுத்துட்டு அரை அடி தள்ளி வர்றாரு. அவரு கூடப் போனா கேக்குது."

அவர் எழுந்து நாற்காலியை விட்டார். அந்த மனிதரிடம் எனக்கு அதற்கு முன் பயம்தான் இருந்தது, மரியாதை வந்தது அன்றைக்கு.

உட்கார்ந்தேன். செட்டியார் பின்னால் சண்முகம் போனபடி, நடுங்கும் அந்தக் கையின் பின்னால் போனேன். தந்தி காதர் பாய் பெயருக்கேதான் வந்தது, கோட்டைப்பட்டினம் விலாசத்துக்கு. அங்கே கம்பி இல்லாததால் எங்கள் வழியாகப் போக வேண்டியது. இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் சொல்கிறேன். கோட்டைப்பட்டினம் படகுகள் நான்கு இங்கே கரை சேர்ந்தன. ஆட்கள் சுகம். ஒன்று.

அந்த 'ஒன்று' என்ற வார்த்தையோடு கை நின்றது.

கருவி நிற்கவில்லை. எங்கேயோ கம்பி மரத்தில் உரசியிருக்க வேண்டும், அல்லது மின்னல். அது தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். அந்தத் துள்ளலில் எனக்கு ஒரு நடை கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மாதக்கணக்காக எதிலும் நடை தேடிப் பழகிய காது. அந்த நடைக்கு ஒரு வார்த்தை கச்சிதமாகப் பொருந்தியது. 'வருகிறது'. ஒன்று வருகிறது. என் பென்சில் முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது.

பஜனையாக இருந்தால் நிரப்பியிருப்பேன். செட்டியார் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்பத்தான் கஞ்சிரா. ஆனால் இந்த இடம் என்னுடையது இல்லை. அந்தக் கரையில் நனைந்துகொண்டு நிற்கும் ஒருவருடையது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பென்சிலை எடுத்துவிட்டேன். திரும்ப அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கம்பி செத்துவிட்டது.

சீனியர் குமாஸ்தா ஒருவர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், ஈரமான நெஞ்சு. தாழ்ந்த குரலில் சொன்னார்: "ராமையா, 'ஒன்று வருகிறது'ன்னு எழுதிக் கொடுத்துருங்க. பாவம், அந்தாளு நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. லைன் வந்தா திருத்திக்கலாம்."

என் மனசில் இருந்த அதே வார்த்தை. மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உட்கார்ந்திருக்குறது நீங்க. காதுல கேட்டது ஒங்களுக்குத்தான் தெரியும்," என்றார்.

கேட்டதை மட்டும் எழுதினேன். அதன் கீழே, 'கம்பி அறுந்தது, மீதி வரவில்லை' என்று எழுதிக் காதர் பாயிடம் நானே கொண்டுபோய்ப் படித்துச் சொன்னேன். நாலு படகு என்றதும் அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"அந்த ஒண்ணு என்ன தம்பி?"

"கேக்கலை பாய்."

"ஒரு எழுத்துக்கூடவா?"

"ஒரு எழுத்துக்கூடக் கேக்கலை."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. "என் ஆத்தா சாவும்போது அவனை என் கையிலதான் பிடிச்சுக் கொடுத்துச்சு," என்றார். 'வருகிறது' என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்து நின்றது. அதை விழுங்கியதுதான் என் முப்பத்துச் சொச்சம் வருஷ வேலையில் நான் செய்த கடினமான காரியம். மற்ற புயல்கள், வெள்ளங்கள், ஸ்ட்ரைக்குகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அன்றைக்கு முழுவதும் கம்பி வரவில்லை. நான் பாயோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வற்புறுத்தி இட்லி சாப்பிட வைத்தேன். டெஸ்ட் வைக்க வேண்டிய அதிகாரி திருச்சியிலேயே நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. எனக்கு அதைப் பற்றிச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை வெயில் அடித்தது. நான் போய்க் கருவி முன்னால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கரையோர ஆபீஸ் கூப்பிட்டது. அதே கைதான். தூங்கி எழுந்திருந்தது போலும், நடுக்கம் குறைந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து அனுப்பினார். ஒன்று பாய்மரம் முறிந்து இழுத்துவரப்பட்டது. ஆட்கள் அனைவரும் உயிருடன். ஒருவருக்குக் கை முறிவு.

காதர் பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகு நேரம் அழுதார். சீனியர் குமாஸ்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் நேத்தே சொன்னேன்ல ராமையா? 'வருகிறது'ன்னு எழுதியிருந்தா சரியாத்தானே இருந்திருக்கும்? அவரு ஒரு நாள் நிம்மதியா இருந்திருப்பாருல்ல?"

என் ஊகம் கிட்டத்தட்டச் சரி என்பது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. அன்றைக்கு எழுதி, அது பலித்திருந்தால், அடுத்த முறையும் எழுதியிருப்பேன். அதற்கடுத்த முறையும்.

துண்டை எடுத்துவிட்டுக் காதர் பாய்தான் பதில் சொன்னார். "இல்லைங்க. நேத்து அவரு கேக்கலைன்னு சொன்னாரு பாருங்க, அதனாலதான் இன்னைக்குக் கேட்டுதுன்னு சொன்னதும் நம்புனேன். இல்லாட்டி இதையும் சும்மா தேத்துறதுக்குச் சொல்றாருன்னு நெனச்சிருப்பேன்."

ஒரு வாரம் கழித்து டெஸ்ட் நடந்தது. காதால் கேட்டு எழுதுவதில் நல்ல மார்க். அனுப்புவதில் அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "கை லேசா ஆடுது. ஆனா புரியுது, போகட்டும்" என்று தேறவைத்தார். மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தோலா பித்தளையா என்று அவர் மறுபடி கேட்கவில்லை. "மழைக்காலத்துல அந்தத் தோல் தொய்ஞ்சு போகுமே, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அடுப்புச் சூட்டில் காட்டுவோம் என்றேன். அப்படியா என்று தலையாட்டிக்கொண்டார். அவரிடமிருந்து அவ்வளவு கிடைத்ததே அதிகம்.

உங்களுக்கு எப்படி நேரம் பிரித்துக்கொள்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அவரவர் வீடு, அவரவர் உடம்பு. பரீட்சைக்கு முந்தின வாரம் வீணையை உறையில் போட்டு வைப்பதில் தப்பில்லை, அது கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று எதிரி என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். தடுமாறும் கையின் கூடப் போக எனக்குக் கஞ்சிரா சொல்லிக்கொடுத்தது. எங்கே என் கையை வைக்கக் கூடாது என்பதைத் தந்தி சொல்லிக்கொடுத்தது. இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க மாட்டேன், அல்லது உட்கார்ந்து ஒரு பொய்யை எழுதியிருப்பேன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த மார்கழியில் விடியற்காலைப் பஜனை ராஜவீதிகளைச் சுற்றி வந்தது. பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குச் சண்முகம் கஞ்சிராவை முழுசாக என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்தார். வடக்கு ராஜவீதி திரும்பும் இடத்தில் செட்டியார் ஒரு வரியைப் பாடிவிட்டு நின்றார். தொண்டை அடைத்திருக்கலாம், அழுகையாகவும் இருக்கலாம். நான் வழக்கமாகப் புகுந்து விளையாடும் இடம் அது. அன்றைக்கு என் கை தோலின்மேல் அப்படியே படிந்து நின்றது. ஒரு தாளச் சுற்று முழுவதும் தெருவில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு செட்டியார் தானாகவே அடுத்த வரியை எடுத்தார்.

பஜனை முடிந்து சுண்டல் வாங்கிக்கொண்டு வரும்போது சண்முகம் கேட்டார்.

"அந்த இடத்தை ஏன் விட்டீங்க, போஸ்டாபீஸ்?"

"எனக்கு அங்க ஒண்ணும் கேக்கலைங்க," என்றேன்.

தாளம் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று சொல்லித் திரிந்த அந்த மனிதர் தெரு நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த சுண்டலில் பாதியை என் இலையில் தள்ளினார்.